பத்மினி அக்காவின் இருபத்திரண்டு

நான் கடைசியாக வேலை செய்த கிளினிக்கில் இப்போது புதிய இயந்திரம் ஒன்று வைத்திருக்கிறார்கள். ஏறி நின்றால் நிறையையும் உயரத்தையும் அதுவே எடுத்து, பி.எம்.ஐ. எவ்வளவு என்று பெண் குரலில் சத்தமாகச் சொல்கிறது. வரிசையில் நிற்கும் எல்லாருக்கும் கேட்கிறது. அதைப் பார்க்க வரும்படி என்னை அழைத்த இளம் தாதிமார் தேநீர் வேளையில் ஒரு கேள்வி கேட்டார்கள்.

"மிஸி, இந்தப் பி.எம்.ஐ. பிழையான கணக்கு எண்டு இப்ப ஃபோனில எல்லாரும் போடுகினம். நாங்கள் சும்மாவோ பார்த்துக்கொண்டிருக்கிறம்?"

"சும்மா இல்லை. விடாமல் பாருங்கோ," என்றேன். "ஆனா அதைப் பார்த்த கையோட ஆளை அனுப்பிப் போடாதேங்கோ."

ஏன் என்று சொல்லத் தொடங்கியதில் எல்லாருடைய தேநீரும் ஆறிவிட்டது. எழுதித் தாருங்கள் என்றார்கள். எழுதுகிறேன்.

என் பெயர் மேரி; இங்கே தாதி என்றால் எல்லாருக்கும் 'மிஸி'. திருகோணமலை நகரத்தில் பிறந்து, மட்டக்களப்பில் தாதியர் பயிற்சி பெற்று, பிறந்த ஊருக்கே வேலைக்கு வந்தவள். பயிற்சியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை; கட்டில் விரிக்கவும் ஊசி போடவும் பேச்சு வாங்கவும் பழகினோம். அதன் பிறகு நெடுங்காலம் சத்திரசிகிச்சை வாட்டில் இருந்தேன். அங்கே என் கைக்கு அதிகம் வந்தவை கால் புண்கள். சீனி வருத்தத்தால், அதாவது நீரிழிவால், விரலை இழந்தவர்கள், பாதத்தை இழந்தவர்கள், முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல் வீட்டுக்குப் போனவர்கள். "எப்ப தொடக்கம் உங்களுக்குச் சீனி?" என்று கேட்டால் பலபேர் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "இங்க வந்தாப்பிறகுதான் மிஸி தெரியும்."

அந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனேன். ஆகவே, வருத்தம் வருமுன் ஆட்களைப் பரிசோதிக்கிற கிளினிக் ஒன்று தொடங்கப் போகிறார்கள், போக விருப்பமானவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டபோது முதலில் கை உயர்த்தியது நான்தான். கூட வேலை செய்தவர்கள் சிரித்தார்கள். நாள் முழுக்க நிறை பார்த்துக்கொண்டு இருக்கப் போகிறாயோ என்றார்கள். ஓம், அதைத்தான் செய்யப் போகிறேன் என்றேன்.

கிளினிக்குக்குக் கிடைத்தது ஒரு பழைய களஞ்சிய அறை. யன்னலால் எட்டிப் பார்த்தால் துறைமுகத்துப் பாரந்தூக்கிகளின் தலைகள் தெரியும். பொறுப்பாக வந்தவர் டொக்டர் சமீஹா. மூதூர்க்காரி. என்னைவிடப் பத்து வயது இளையவர், ஒடிசலானவர், குரலை உயர்த்தாதவர். முதல் நாள் ஒரு கைப்பையும் அதைவிடப் பாரமான ஒரு சீலைப்பையும் கொண்டு வந்தார். சீலைப்பைக்குள் ஐந்து கிலோ இரும்புப் படிக்கல் இருந்தது. வாப்பாவின் கடையில் இருந்து எடுத்து வந்தாராம்.

ஒவ்வொரு காலையும் அந்தக் கல்லை முதலில் தராசில் வைப்போம். ஐந்து காட்டாவிட்டால், சரிப்படுத்தும்வரை வெளியே எத்தனை பேர் நின்றாலும் ஒருவரையும் உள்ளே எடுக்க மாட்டார். தராசுக்குக் கீழே பாய், விரிப்பு ஒன்றும் இருக்கக் கூடாது. வெறும் சீமெந்துத் தரைதான். உயரம் பார்க்கையில் செருப்பைக் கழற்றி, குதியும் பின்பக்கமும் தோள்மூட்டும் சுவரில் பட நிற்க வேண்டும். நாடியைத் தூக்கவும் கூடாது, குனியவும் கூடாது. கொண்டை போட்ட பெண்களிடம், "அவிழ்த்து விடுங்க, கொண்டைக்கெல்லாம் உயரம் போடேலாது," என்பார். பிறகு நிறையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீற்றரில் எடுத்து, உயரத்தை உயரத்தாலேயே பெருக்கி, அந்தத் தொகையால் நிறையை வகுப்போம். வருவதுதான் உடற்திணிவுச் சுட்டி. ஊரில் எல்லாருக்கும் அது பி.எம்.ஐ.

பல கிளினிக்குகளில் வேலை அத்தோடு முடிந்துவிடும். எங்கள் கிளினிக்கில் அங்கேதான் தொடங்கும். அடுத்தது அளவு நாடா. கடைசி விலா எலும்பை விரலால் தேடிப் பிடிக்க வேண்டும். இடுப்பெலும்பின் மேல் விளிம்பைப் பிடிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நாடாவைச் சுற்றி, இறுக்காமல், சரியாமல், ஆள் மூச்சை இயல்பாக வெளியே விட்ட பிறகு வாசிக்க வேண்டும். சாரி கட்டும் இடத்திலோ சாரம் உடுக்கும் இடத்திலோ அளந்தால் அது உடுப்பின் அளவு. நான் அளந்த இடுப்புகளுக்குக் கணக்கில்லை. ஆனால் என் நாடா பிழைத்தது என்று டொக்டர் சமீஹா ஒரு நாளும் சொன்னதில்லை. அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

நாடா எதற்கு என்பதை எனக்கு முதலில் காட்டித் தந்தவர் காசிம் நானா. கிண்ணியாவைச் சேர்ந்த சுழியோடி. துறைமுகத்தில் இழுவைப் படகு ஒன்றில் நிரந்தர வேலை கிடைக்கும் நிலையில் இருந்தார். வேலை தரும் கம்பனி மருத்துவச் சான்று கேட்டு ஓரிடத்துக்கு அனுப்பியது. அங்கே பி.எம்.ஐ. இருபத்தெட்டுக்குக் கிட்ட வந்தது. அதிக நிறை, தகுதி இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கதவை நிறைத்துக்கொண்டு உள்ளே வந்தவர் கதிரையில் இருக்கவும் இல்லை.

"டொக்டர், நான் குண்டனா? நீங்களே செல்லுங்க. நான் தண்ணிக்குள்ள இறங்கி ஏறுற ஆள். எனக்கு எங்கால கொழுப்பு?"

டொக்டர் எழும்பி ஒரு சணல் கயிற்றை எடுத்து, அவருடைய உயரத்துக்கு அளந்து வெட்டினார். அதை இரண்டாக மடித்து அவர் கையில் கொடுத்தார்.

"இதை இடுப்பைச் சுத்திக் கொண்டு வாங்க நானா. நுனி ரெண்டும் முட்டுதா பாருங்க."

முட்டியது. கொஞ்சம் மிஞ்சவும் செய்தது. இடுப்பு உயரத்தின் பாதிக்குள் நிற்க வேண்டும் என்பதுதான் அந்தக் கயிற்றின் கணக்கு. பிரஷர் சரி, சீனி சரி, இரத்தக் கொழுப்பும் சரி. காசிம் நானாவின் நிறை தோளிலும் நெஞ்சிலும் தொடையிலும் தசையாக இருந்தது. தசை கொழுப்பைவிட அடர்த்தியானது. தராசுக்கு இரண்டும் கிலோதான். டொக்டர் தன் அறிக்கையில், சுட்டி உயர்வு, இடுப்புச் சுற்றளவும் இரத்தப் பரிசோதனைகளும் அளவுக்குள், நிறை தசையால் வந்தது என்று எழுதினார். கம்பனிக்குத் தானே தொலைபேசி எடுத்தும் விளங்கப்படுத்தினார். அவருக்கு வேலை கிடைத்தது.

அதோடு எங்களுக்கு ஒரு வில்லங்கமும் வந்தது. துறைமுகம் முழுக்கக் கதை பரவி, தொப்பை வைத்த மேற்பார்வையாளர்கள் எல்லாம் வயிற்றைத் தட்டிக்கொண்டு வந்தார்கள். "டொக்டர், இது முழுக்க மஸில்." டொக்டர் சிரிக்க மாட்டார். பேசாமல் கயிற்றை வெட்டிக் கொடுப்பார். அவர்கள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கயிற்றோடு மல்லுக்கட்டுவதைப் பார்க்கையில் நான் மருந்து அலுமாரிப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

இனி அந்த இரண்டு சகோதரிகளின் கதை.

அக்கா பத்மினி, அன்புவழிபுரத்தில் குடியிருந்தவர், அரச அலுவலகத்தில் எழுதுவினைஞர். கணவர் காலமாகிவிட்டார், மகன் வெளிநாட்டில். தங்கை வசந்தி குச்சவெளியில் கருவாடு போடுகிறவர். ஒரு நாள் அக்கா தங்கையைக் கையில் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டி வந்தார்.

"மிஸி, இவளை ஒருக்கா நிறுத்துப் பாருங்கோ. நான் சொன்னால் கேக்கிறாளில்லை. டொக்டர் வாயால கேட்டாவது சோத்தைக் குறைக்கட்டும்."

வசந்தி என்னைப் பார்த்துச் சிரித்தார். "இவ சின்ன வயசில இருந்தே என்னை நிறுத்துக்கொண்டுதான் இருக்கிறா மிஸி. தராசுதான் இல்லை."

வசந்தியின் சுட்டி இருபத்தொன்பதைத் தாண்டியது. நான் மெதுவாகத்தான் சொன்னேன். பத்மினி அக்கா அதை உரத்துத் திருப்பிச் சொன்னார். வசந்தியின் சிரிப்பு அப்போதுதான் நின்றது.

டொக்டர் சமீஹா அக்காவைப் பார்த்து, "நீங்களும் ஏறுங்க," என்றார்.

"எனக்கு என்னத்துக்கு டொக்டர்? நான் கலியாணம் கட்டின காலத்துச் சட்டையே இப்பவும் போடுறன்."

"வாற ஆக்கள் எல்லாரையும் அளக்கிறதுதான் இங்க வழக்கம்."

ஏறினார். இருபத்திரண்டு. அந்த நேரம் எங்கள் சுவரில் ஒரு வண்ண அட்டவணை தொங்கியது. இருபத்திரண்டு நல்ல பச்சைக்குள் நின்றது. எங்களைப் போன்ற ஆசிய நாட்டு ஆட்களுக்கு இருபத்துமூன்றிலேயே கவனம் தேவை என்று இறுக்கிய கணக்கின்படி பார்த்தாலும் அது பச்சைதான். பத்மினி அக்கா அட்டவணையைப் பார்த்தார், பிறகு தங்கையைப் பார்த்தார்.

ஆனால் நான் நாடாவைச் சுற்றியபோது என் கைக்கு வேறொன்று தெரிந்தது. கையும் காலும் மெல்லியவை. வயிறு மட்டும் சாரி மடிப்புக்குள் உருண்டு நின்றது. சுற்றளவு உயரத்தின் பாதியைத் தாண்டிவிட்டது. பெண்களுக்கு எண்பது சென்றிமீற்றர் என்ற எல்லையையும் தாண்டிவிட்டது. டொக்டரிடம் அளவைச் சொன்னேன். விரல் நுனியில் குத்தி இரண்டு பேருக்கும் சீனி பார்க்கச் சொன்னார். வசந்திக்குச் சாதாரணம்; பிரஷர் மட்டும் கொஞ்சம் உயர்வு, முழங்கால் நோவதாகவும் என்னிடம் சொன்னார். பத்மினி அக்காவுக்கு முந்நூறைத் தாண்டியது.

"இது பிழை," என்றார். "காலமை சீனி போட்டுத் தேத்தண்ணி குடிச்சிட்டு வந்தனான்."

டொக்டர் மறுத்துப் பேசவில்லை. "ஓம், மெசின் பிழைக்கலாம். அதுக்குத்தான் நாளைக்கு வெறும் வயித்தில வந்து இரத்தம் குடுங்க எண்டு கேக்கிறேன். தண்ணி விடாய்க்கிறதா? அடிக்கடி சலம் போகுதா?"

"திருகோணமலை வெயிலுக்கு ஆருக்குத்தான் விடாய்க்காது?" என்று சொல்லிக்கொண்டே கைப்பையை எடுத்தார். கால்களைப் பார்க்க வேண்டும், இருங்கள் என்று டொக்டர் சொன்னதற்கு, பஸ் போய்விடும் என்றார். வெளியே போகும்போது வசந்தி என்னைத் திரும்பிப் பார்த்தது நினைவிருக்கிறது. வெற்றிப் பார்வை இல்லை, பயந்திருந்தார்.

அடுத்த நாள் பத்மினி அக்கா வரவில்லை. தொலைபேசி எடுத்தேன். லீவு இல்லை என்றார். அடுத்த கிழமையும் லீவு இல்லை.

பிறகு ஒரு நாள் சந்தையில் கண்டேன். நன்றாக மெலிந்திருந்தார். அவரோடு வேலை செய்கிற ஒருவர் மரக்கறிக் கடைக்கு முன்னால் அவரை மறித்து, "என்னண்டு பத்மினி இப்பிடி மெலிஞ்சனீங்கள்? எங்களுக்கும் சொல்லித் தாங்கோவன்," என்று கேட்டுக்கொண்டிருந்தார். பத்மினி அக்காவின் முகத்தில் ஒரு பெருமிதம். அவர் தனியாகும்வரை காத்து நின்றேன்.

"அக்கா, சாப்பாட்டைக் குறைச்சனீங்களோ?"

"இல்லையே. முந்தியைவிடக் கூடத்தான் சாப்பிடுறன்."

"அப்ப சாப்பிடுறது எங்க போகுது?"

அவர் கைப்பைக்குள் இருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்து, பாதிவரை ஒரே மூச்சில் குடித்தார். பிறகு என் கண்ணைப் பார்த்துச் சொன்னார்: "எனக்கு ஒரு வருத்தமும் இல்லை மிஸி. இருபத்திரண்டு எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். இப்ப பார்த்தால் அதைவிடக் குறைஞ்சிருக்கும்."

சனத்துக்கு நடுவில் அதற்கு மேல் பேச ஏலாது. வீட்டுக்கு வந்ததும் வசந்திக்குத் தொலைபேசி எடுத்தேன். கிளினிக்கில் அன்றைக்கு அவர் கண்டதைவிட மேலதிகமாக ஒன்றும் சொல்லவில்லை. அக்காவை எப்படியாவது கூட்டி வாருங்கள் என்று மட்டும் கேட்டேன். "வெள்ளிக்கிழமை கோணேசருக்குப் போறம் மிஸி. கும்பிட்டுப்போட்டு அப்பிடியே கூட்டிக்கொண்டு வரப் பார்க்கிறன்," என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை அவர்கள் வரவில்லை. கோவிலில் நின்று வர மத்தியானம் ஆகிவிட்டது. களைப்பு என்று அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். வசந்தியும் குச்சவெளி திரும்பாமல் அக்காவோடு தங்கினார். ஞாயிறு காலையில் விறாந்தை கூட்டும்போது சீமெந்துத் தரையில் ஈரமான அடையாளங்களைக் கண்டார். குசினியில் இருந்து படுக்கையறைவரை ஒரே பாதத்தின் அடையாளம். நடந்ததைப் பிறகு வசந்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"அக்கா, உன்ர காலைக் காட்டு."

"ஏன்?"

"காட்டன்."

கோவிலின் சுடு கல்லில் வெறுங்காலோடு நடந்ததில் உள்ளங்கால் கொப்பளித்து, கொப்பளம் உடைந்து, சின்ன விரலடி கறுத்துப்போய்க் கிடந்தது.

"உனக்கு இது நோகேல்லையோ?"

"இல்லை."

"இவ்வளவு பெரிய புண் எப்பிடியக்கா நோகாமல் இருக்கும்?"

பத்மினி அக்கா அப்போதுதான் குனிந்து தன் பாதத்தைப் பார்த்தாராம். பார்த்துவிட்டு அப்படியே தரையில் இருந்துவிட்டாராம்.

ஓட்டோவில் ஏற்றி நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார் வசந்தி. திங்கள் காலை செய்தி கேட்டு, நான் முன்பு வேலை செய்த அதே சத்திரசிகிச்சை வாட்டுக்கு ஓடினேன். காய்ச்சல், கால் வீக்கம், சீனி அளவு கண்டபடி ஏறியிருந்தது. சத்திரசிகிச்சை நிபுணர் இரண்டு விரல்களை எடுக்க வேண்டும், கிருமி மேலே ஏறினால் பாதத்தையும் எடுக்க வேண்டி வரும் என்று சொல்லியிருந்தார். தெரியாமலே பல வருடங்களாகச் சீனி இருந்து கால் நரம்புகளைக் கெடுத்துவிட்டது. அந்த வாட்டில் எத்தனை கால்களுக்கு மருந்து கட்டியிருக்கிறேன். ஆனால் நாடா வைத்து முன்னமே நான் கண்டுபிடித்த ஒருவர் அந்தக் கட்டிலில் கிடந்ததைப் பார்த்தபோது எனக்கு வந்தது கோபம். அவர்மேல் இல்லை. அந்தப் பச்சை அட்டவணைமேல்.

டொக்டர் சமீஹா பத்து மணிபோல வந்தார். அவருடைய வாட்டு இல்லை அது, இருந்தும் வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். நின்றபடி நோயாளியோடு கதைப்பது அவருக்குப் பிடிக்காது.

பத்மினி அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "இருபத்திரண்டு எண்டு சொன்னீங்கள்தானே டொக்டர்? அது பொய்யோ?"

"பொய் இல்லை. உங்கட நிறையும் உயரமும் எவ்வளவு எண்டு கேட்டோம். அதுக்கு அது சரியாச் சொன்னிச்சு. கொழுப்பு எங்க இருக்கு எண்டு அதுக்குத் தெரியாது. உங்களுக்கு அது வயித்துக்குள்ள, ஈரலைச் சுத்தி இருந்திச்சு. தசை குறைவு, கொழுப்பு கூடுதல். ரெண்டையும் கூட்டினா இருபத்திரண்டுதான் வரும்."

"அப்ப மெலிஞ்சது?"

"அது சீனியால. உடம்புக்குச் சாப்பாட்டை எடுக்கேலாமப் போய்த் தன்ர தசையையே கரைச்சிச்சு."

பத்மினி அக்கா பிறகு தலையணைப் பக்கம் நின்ற வசந்தியைப் பார்த்தார். "உன்னை எவ்வளவு ஏசியிருப்பன்," என்றார்.

வசந்தி அவருடைய தலைமயிரை ஒதுக்கிவிட்டார். "ஏசினது காணும், விடு. இப்ப காலைப் பார்ப்பம்." பிறகு டொக்டர் பக்கம் திரும்பினார். "அப்ப டொக்டர், எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லைத்தானே? நான் விரும்பினதைச் சாப்பிடலாமோ?"

"அப்பிடி ஆரு சொன்னது?" என்றார் டொக்டர். "உங்கட சீனி நல்லம். பிரஷர் கொஞ்சம் ஏறத் தொடங்கியிருக்கு, முழங்காலும் நோகுது எண்டு மிஸிக்குச் சொன்னீங்கதானே. உங்கட இருபத்தொன்பது உண்மையைத்தான் சொல்லுது. அக்காவைப் பார்த்துப்போட்டு நீங்க தப்பிட்டன் எண்டு நினைக்காதீங்க."

வசந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கட்டிலில் கிடந்த அக்காவுக்கும் அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது.

இரண்டு விரல்கள் போயின. பாதம் தப்பியது. இன்சுலின் தொடங்கினார்கள். புண் ஆறும்வரை அன்புவழிபுரத்து வீட்டுக்கு மாலையில் நான் போய் மருந்து கட்டினேன். வசந்தி தன் கருவாட்டு வேலையை மகளிடம் விட்டுவிட்டு அக்காவோடு நின்றார். இரண்டு பேருக்கும் ஒரே சமையல்: சோறு அளவாக, மரக்கறியும் மீனும் தாராளமாக. அதில் வசந்தி மெதுவாக நிறை குறைந்தார். பிரஷரும் மாத்திரை இல்லாமலே இறங்கி நின்றது.

கிளினிக்கில் டொக்டர் அந்த வண்ண அட்டவணையைக் கழற்றி வைத்துவிட்டார். பி.எம்.ஐ. பார்ப்பதை நிறுத்தவில்லை. ஊர் முழுவதையும் பார்க்கும்போது அந்த இலக்கம் கூடக் கூட பிரஷரும் சீனியும் இருதய வருத்தமும் கூடுவதை நாங்களே கண்டிருக்கிறோம். செலவில்லாமல், ஊசி குத்தாமல் இவ்வளவு சொல்லித் தருகிற அளவை வேறு நான் அறியேன். ஆனால் ஒரு தனி ஆள் முன்னால் நிற்கும்போது இடுப்பை அளக்க வேண்டும், பிரஷரும் சீனியும் பார்க்க வேண்டும், தாய் தகப்பனுக்கு என்ன வருத்தம் என்று கேட்க வேண்டும். நிறை குறைந்திருந்தால், குறைக்க முயன்றாரா, தானாகக் குறைந்ததா என்றும் கேட்க வேண்டும். இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்காமல் யாரையும் பாராட்டாதீர்கள் என்று அந்த இளம் தாதிமாருக்கு அழுத்திச் சொன்னேன். இயந்திரத்தின் வாயை மூடிவைக்கவும் சொன்னேன். ஒருவருடைய நிறை வரிசைக்குக் கேட்கத் தேவையில்லை.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் முன்பு சகோதரிகள் இருவரும் வழமையான பரிசோதனைக்கு வந்திருந்தார்கள். பத்மினி அக்காவுக்கு மெத்தென்ற அடியுள்ள விசேட செருப்பு. அதைக் கவனமாகக் கழற்றி வைத்துவிட்டுத் தராசில் ஏறினார். வாட்டில் கிடந்தபோது இருந்ததைவிட நான்கு கிலோ கூடியிருந்தது. நாடாவைச் சுற்றினேன், இடுப்பு குறைந்திருந்தது. கையைப் பிடித்துப் பார்த்தேன். முன்பு எலும்பாய் இருந்த மேற்கையில் சதை பிடித்திருந்தது. சீனி மூன்று மாதமாகக் கட்டுக்குள் நின்றது.

ஆனால் அவர் தராசின் முள்ளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். முகம் வாடிவிட்டது.

"கூடிப்போச்சு, டொக்டர்."

"ஓம்."

"நிறை கூடினதுக்கு ஆரும் சந்தோசப்படுவினமோ?"

டொக்டர் சமீஹா எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். "நான் படுறேன்," என்றார்.

வசந்தி கதிரையில் இருந்து எழும்பி வந்து, தானும் தராசில் ஏறி அக்காவைக் கட்டிப்பிடித்தார். முள் இரண்டு பேருடைய பாரத்துக்கும் சேர்ந்து ஓடி எல்லையில் போய் நின்றது. "இறங்குங்கோ, தராசு உடையப் போகுது," என்று நான் சத்தம் போட்டேன். இருவரும் இறங்கவில்லை.